தீர்ப்பு சொல்லாத நடுவர்

கோமதிநாயகம் போய்விட்ட செய்தி எங்கள் ‘பட்டிமன்றம்’ வாட்ஸப் குழுவில்தான் வந்தது. காலையில் அப்பாவுக்கு மாரடைப்பு, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று அவர் மகள் நிலா ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். பதற்றத்தில் யாரோ அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு உடனே அழித்தார். அந்த யாரோ நான்தான். அவர் இருந்திருந்தால் அதை வைத்தே என்னை ஒரு மாதம் ஓட்டியிருப்பார்.

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் சுகர் லேண்டில் அவரோடு பழகியவர்கள் எல்லாருக்கும் அவருடைய ‘வே’ பழக்கம். சங்கரன்கோவில்காரர். எண்ணெய்க் குழாய் நிறுவனத்தில் எனக்கு அடுத்த மேசை, என்னைவிட மூன்று மாதம் மூத்தவர். முதல் நாளே “என்ன வே, மெட்ராஸா?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. மரியாதை தெரியாத ஆள் என்று வீட்டில் போய்ச் சொன்னேன். சமவயதுக்காரனை மதித்து உரிமையோடு கூப்பிடுவதற்கு அவர்கள் ஊரில் அதுதான் சொல் என்று விளங்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

அதிபர் தேர்தல் வந்தால் வேட்பாளர்களின் தொலைக்காட்சி விவாதத்தை அவர் வீட்டில்தான் பார்ப்போம். அவர் மனைவி சிவகாமி இடியாப்பமும் சொதியும் செய்து வைத்திருப்பார். கோமதி என்று நாங்கள் சுருக்கிக் கூப்பிடும் கோமதிநாயகம் மடியில் பூஜை மணியை வைத்துக்கொண்டு நடுநாயகமாக உட்காருவார். கையில் ஒரு தாள், நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ‘கேட்டது’, வலப்பக்கம் ‘சொன்னது’. வேட்பாளர் கேள்வியை விட்டு நழுவினால் மணி அடிக்கும்.

“கேட்டது மருந்து வெல. இவரு அவுக தாத்தா கதைய சொல்லுதாரு வே.”

தனக்குப் பிடித்த வேட்பாளருக்கும் அடிப்பார். சொல்லப்போனால் அவருக்குத்தான் அதிகம் அடிப்பார். “சாமி மணிங்க அது, கொண்டு வைங்க” என்று சிவகாமி உள்ளேயிருந்து சொல்வது ஒருநாளும் காதில் விழாது.

பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த கூட்டம் நாங்கள். முடிந்ததும் நடுவர் தீர்ப்பு சொல்லாவிட்டால் சாப்பிட்டதே செரிக்காது. எல்லாரும் அவரைப் பார்ப்போம். அவர் தாளை மடித்துக்கொண்டே, “ஓட்டு இருக்கவன் நவம்பர்ல சொல்லட்டும்” என்பார். எங்களில் பாதிப் பேர் என்னைப்போல ஓட்டு இல்லாத விசாக்காரர்கள். எனக்கு அது ஒவ்வொரு முறையும் குத்தும்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அப்படி ஒரு விவாதத்தை அரங்கில் உட்கார்ந்து நேரில் பார்க்க வேண்டும். ஒரு தேர்தலில், தான் ஆதரித்த வேட்பாளருக்காக வீட்டிலேயே நிதி திரட்டும் விருந்து வைத்தார். சொன்ன தொகை சேர்ந்தால் அரங்கில் ஓர் இருக்கை வாங்கித் தருவதாகப் பிரச்சாரக் குழுவினர் சொல்லியிருந்தார்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்கள் பணம் தரக் கூடாது என்று அழைப்பிலேயே போட்டிருந்தது. எனக்கு அப்போது கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. ஆனால் நண்பன் வீட்டு விசேஷத்துக்கு வெறுங்கையோடு போவதாவது? கல்யாணத்துக்குப் போகிறவரிடம் மொய்க் கவரைக் கொடுத்து அனுப்புவோமே, அதே நினைப்பில் எங்கள் குழுவில் இருக்கும் ரகுவிடம் பணத்தைக் கொடுத்து, “உன் செக்லயே சேத்துப் போட்டுடு” என்றேன். ரகு குடியுரிமை வாங்கியவன். அவனுக்கும் அதில் தப்பு தெரியவில்லை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சாப்பிடும்போது கோமதியிடம், “நம்ம பங்கும் உள்ள இருக்கு” என்று பெருமையாகச் சொன்னேன். அவர் தட்டைக் கீழே வைத்தார். மேசைக்குப் போய் ரகுவின் செக்கைத் தேடி எடுத்து, எல்லார் எதிரிலும் இரண்டாகக் கிழித்தார்.

“வே, இது கல்யாண வீடு இல்ல. அடுத்தவன் பேர்ல மொய் எழுத முடியாது.”

“ஏன், நான் டாக்ஸ் கட்டலையா?” நான் கத்திவிட்டேன்.

“கட்டுதீரு. யாரு இல்லேன்னா? நாளைக்கு ஒம்ம ஃபைல எவனாவது தோண்டுனா, பிள்ளையளக் கூட்டிட்டு எங்க போவீரு?”

மனைவியைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிக்கொண்டு வந்துவிட்டேன். எட்டு மாதம் பேசவில்லை. அலுவலகத்தில் எங்கள் நடுவில் இருந்தது மேசைத் தடுப்பு மட்டும்தான். ஒவ்வொரு விவாதத்தன்றும் “எட்டு மணிக்கு. வாரும்” என்று அவரிடமிருந்து குறுஞ்செய்தி வரும். நான் பதில் போடவில்லை. அவ்வளவு வீம்பு எனக்கு.

கிரீன் கார்டு கைக்கு வந்த அன்று வெட்கத்தை விட்டு, லட்டு டப்பாவோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். சிவகாமிதான் சொன்னார், அன்று கிழித்த செக்கில் இருந்த என் பங்கோடுதான் தொகை சரியாகச் சேர்ந்திருந்ததாம். கிழித்ததில் அரங்க இருக்கை போய்விட்டது. நான் டப்பாவைத் திறந்து நீட்டினேன். கோமதி லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, “அரங்கத்துக்குள்ள மணி அடிக்க விட மாட்டாவ வே. வாரும் உள்ள” என்றார்.

இந்த ஆண்டுதான் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. சென்ற மாத விவாதத்தில் மணியை என் கையில் கொடுத்துவிட்டார். நான் நேரம் தெரியாமல் அடிக்க, ரகு காதைப் பொத்திக்கொண்டான். முடிந்ததும் எல்லாரும் வழக்கம்போல் கோமதியைப் பார்த்தோம். அவர் தாளின் அடியில் ‘தீர்ப்பு: சேகர்’ என்று என் பெயரை எழுதி, பக்கத்தில் இடம் விட்டு என்னிடம் நீட்டினார். “நெரப்பிட்டு எனக்கு மட்டும் காட்டும்.”

மணி இப்போது பூஜை அறைக்குத் திரும்பிவிட்டது. அங்குதான் அது இருக்க வேண்டும். கேட்டது ஒன்று சொன்னது ஒன்றாக யாராவது பேசினால் என் காதில் இன்னும் அது அடிக்கிறது, என் பேச்சுக்கும் சேர்த்து. அதுவும் அந்தத் தாளும்தான் அவரிடமிருந்து எனக்கு மிச்சம். முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்கிய அன்றே, தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்று என் முதல் ஓட்டைப் போட்டேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்து அந்த இடத்தை நிரப்பினேன். காட்டத்தான் ஆள் இல்லை.