இரண்டாவது செம்புத் தண்ணீர்

வேப்பந்தட்டையில் என் நாத்தனார் வீட்டில் காபி டம்ளரைக் கையில் வாங்கியிருந்தேன். எங்கள் வாடகை வீட்டில் இருக்கும் மார்ட்டின் போனில் கூப்பிட்டான். ஷிப்ட் முடித்துத் தூங்குகிற நேரத்தில் அவன் யாரையும் கூப்பிடுகிறவன் இல்லை.

"டீச்சர், பாபா போயிட்டாரு. டீ கொண்டுபோயி எழுப்புனேன், எந்திரிக்கல. டாக்டர் வந்து பாத்துட்டுத் தூக்கத்துலயே போயிட்டாருன்னாரு. நீங்க சீக்கிரம் வாங்க. அவரோட அண்ணன் மவன் மாயவரத்துலேருந்து வண்டி எடுத்துட்டு வர்றாராம். பாபாவை அங்க கொண்டுபோயி அடக்கம் பண்ணப் போறாராம். அம்மா இங்கதான இருக்காங்க?"

பாபா என்று அவன் சொன்னது ஆசீர்வாதம் ஐயரை, அம்மா என்றது அவர் மனைவியை. ஐயரம்மா இறந்து, அரியலூர் சபையின் கல்லறைத் தோட்டத்தில் வேப்பமரத்தடியில் பல வருடங்களாக இருக்கிறார். அவர் பக்கத்தில் படுக்க வேண்டும் என்பது ஐயரின் ஒரே ஆசை. அதற்கென்று சபை ஒதுக்கிக் கொடுத்த இடத்தை ஐயரே வேறொருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்பது, அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் தெரியும். காபியை வைத்துவிட்டுப் பெரம்பலூர் பஸ்ஸைப் பிடித்தேன். மனுஷன் ஆசைப்பட்ட இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்றே வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். லுத்தரன் சபையில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். என் நாத்தனார் இன்றுவரை அவரைப் பூணூல் போட்டவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் வைத்த கறிக்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் அவர். அதைக் கண்ணால் பார்த்த பிறகும் அவள் மாறவில்லை.

அவரிடம் நான் முதலில் சண்டைக்குத்தான் போனேன். அரியலூர் டவுனைத் தாண்டி, சிமெண்ட் ஆலைக்குப் போகும் வழியில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். அதில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஆட்கள் குடியேறினார்கள். நல்ல ஜனங்கள்; வாசலைப் பெருக்கி வைத்திருப்பார்கள், வாய்ச்சண்டை கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்துவிட்டால் ஒரு நீள மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்துவிடுவார்கள். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு வந்து கண்ணை மூடுகிற நேரம் எனக்கு அதுதான். சுவரில் இயேசு படம் மாட்டியிருந்ததைப் பார்த்தேன். நேரே சர்ச்சுக்கு, அவர்கள் பேச்சில் கோயிலுக்கு, போய் ஐயர் முன்னால் நின்றேன்.

"உங்க சாமியைத்தான் கும்பிடுறாங்க. நீங்களே வந்து அடக்குங்க" என்றேன். நான் கும்பிடுவது திருமழபாடி ஈஸ்வரனை. அதனால் எனக்கு அங்கே பயப்பட ஒன்றுமில்லை.

ஐயர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! புகார் வாங்கிய முகமாக அது இல்லை. "எங்க ஆளுங்களா? இங்கயா?" என்று கேட்டபடியே ஸ்கூட்டர் சாவியைத் தேடினார். வந்து என் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, உள்ளே போய் அடக்குவார் என்று பார்த்தால், தெருவில் நின்றபடியே தமிழில் பாட ஆரம்பித்துவிட்டார். உள்ளே இருந்தவர்கள் அவர்கள் பாஷையில், இவர் தமிழில், ஆனால் மெட்டு ஒன்று. எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. "ஜெர்மனிக்காரன் கொண்டாந்த மெட்டு, டீச்சரம்மா. அவங்க ஊருக்கும் போயிருக்கு, நம்ம ஊருக்கும் வந்திருக்கு" என்றார். போச்சுடா, ஒன்றை நிறுத்தச் சொல்லி இரண்டாக்கிக்கொண்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அவர் கூத்து அதோடு முடியவில்லை. அங்கே எல்லோருக்கும் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தவள் ஹன்னா, மார்ட்டினின் அக்கா. கணவனை இழந்து, தம்பியோடு வந்திருந்தாள். வாசலுக்கு வந்த ஐயரைக் கண்டதும் உள்ளே ஓடி, பளபளவென்று துலக்கிய பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள். அவர்கள் ஊர் வழக்கம் அது: விருந்தாளி வாசலில் நிற்கும்போதே வீட்டுக்காரர்கள் தண்ணீர் ஊற்றிக் கையைக் கழுவிவிட்டு, அதன் பிறகுதான் உள்ளே அழைப்பார்கள். நம் ஆளுக்கு அது எப்படித் தெரியும்? நல்ல வெயில். செம்பை வாங்கி, வாய் படாமல் அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்து முடித்து, "அப்பாடா" என்று திருப்பிக் கொடுத்தார்.

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். ஹன்னா செம்பைப் பார்த்தாள், ஐயரைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போய் இரண்டாவது செம்பு கொண்டுவந்து, அவர் கையைப் பிடித்து நீட்டவைத்து, ஊற்றினாள். அப்போதுதான் ஐயருக்கு விஷயம் விளங்கியது. அவர் சிரித்த சிரிப்பில் என் வீட்டு நாய் குரைத்தது. அன்றே அவள் அவரை "பாபா" என்று கூப்பிட்டுவிட்டாள். அவர்கள் பேச்சில் அப்பா.

அதிலிருந்து ஐயர் ஞாயிறு தவறாமல் அங்கே வந்தார். ஷிப்டுக்குத் தகுந்தபடி ஆராதனை நேரத்தை மாற்றினார். ஹன்னாவிடம் உட்கார்ந்து அவர்கள் பாஷையைக் கற்றார். அதில் அவர் செய்த பிரசங்கத்தைக் கேட்டு, "பாபா பேசுறது நல்லாருக்கு டீச்சர், என்ன சொல்றாருன்னுதான் புரியல" என்றாள் அவள். அதை நான் அப்படியே போய் அவரிடம் சொன்னேன். அவருக்குக் கோபமே வராது, வந்திருந்தால் அன்றைக்கு வந்திருக்க வேண்டும். "அன்னைக்கு தரங்கம்பாடிக்குக் கப்பல்ல வந்த ஜெர்மன் பாதிரிங்களுக்கும் இப்படித்தான் நம்ம பேச்சு வரல. நம்ம பாட்டன்மாரு பொறுத்துக்கிட்டாங்க. இவங்க என்னைப் பொறுத்துக்கிறாங்க" என்றார்.

பெரிய கோயிலுக்கும் அவர்களை அழைத்தார். வந்தவர்கள் பின்பக்கம் செருப்புக் கிடக்கும் இடத்தில் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். அடுத்த வாரமே ஐயர் அங்கியைப் போட்டுக்கொண்டு, கோயில் வாசலில் செம்போடு நின்றுவிட்டார். வருகிற ஒவ்வொரு ஜார்க்கண்ட்காரர் கையிலும் தண்ணீர் ஊற்றினார். சபைச் செயலாளர் சாமுவேல் சாருக்கு இது பொறுக்கவில்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்தவர், எல்லாவற்றுக்கும் விதி கேட்பார். "ஐயரே, இது நம்ம சபை வழக்கத்துல இல்லையே" என்றார். ஐயர் ஊற்றுவதை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "தண்ணி ஊத்துறவன்தான் வூட்டுக்காரன், சார். நாம வூட்டுக்காரங்களா இல்லையான்னு நீங்க சொல்லுங்க." சாமுவேல் சார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். ஹன்னா போனதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. மஞ்சள் காமாலை முற்றிப்போய்த்தான் சொன்னாள், ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. ஆலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவன் வந்து, பொதுச் சுடுகாட்டில் எரித்துவிடலாம், சீக்கிரம் முடியுங்கள் என்றான். மார்ட்டின் என் வீட்டுப் படியில் உட்கார்ந்து, "எங்க அக்காவை எரிக்காதீங்க டீச்சர், மண்ணுல வைங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். அன்று நான் அழுதேன். எனக்கு வாடகைக்கு இருந்தவளுக்காக அழுதேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அழுதேன்.

கல்லறைத் தோட்டத்தில் இடம் தீர்ந்து ரொம்ப நாளாகியிருந்தது. இருந்தது குடும்பங்களுக்கென்று ஒதுக்கிய இடங்கள்தான். குடும்பத்து ஆட்களைத் தவிர வேறு யாரையும் அதில் வைக்கக் கூடாது என்பது சபை விதி. சாமுவேல் சார் அதைத்தான் சொன்னார், குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஐயர் வேப்பமரத்தடிக்குப் போய், மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த மண்ணைக் காட்டினார்.

"இங்க வெட்டச் சொல்லுங்க."

"ஐயரே, அது உங்களுக்கு வச்ச இடம். இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?"

"மவ. நான்தான் இவளுக்கு அப்பா. போதுமா? எழுதிக்கிங்க."

ஐயருக்கும் ஐயரம்மாவுக்கும் பிள்ளை கிடையாது என்பது ஊருக்கே தெரியும். சாமுவேல் சார் சரி என்று தலையை ஆட்டினார். ஹன்னாவை ஐயரம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். திரும்பி வரும்போது நான் கேட்காமல் இருப்பேனா? "நீங்க எங்க போவீங்க, ஐயரே?" என்றேன். "எங்கயாவது ஒண்டிக்குவேன் டீச்சரம்மா. அவளுக்குத்தான் இந்தத் தோட்டத்துல யாரும் இல்ல. தனியா இருக்க வேணாம்னு அம்மாகிட்ட ஒப்படைச்சிருக்கேன்" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஓய்வு பெற்றதும் மாயவரத்துக்குப் போய்விடுவார் என்று எல்லோரும் நினைத்தோம். அவரோ ஒரு டிரங்குப் பெட்டியையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு என் வீட்டு வரிசைக்கே குடிவந்தார். ஹன்னா இருந்த வீடுதான் வேண்டும் என்றார். பக்கத்து வீட்டில் மார்ட்டினும் அவன் மனைவியும். கோயிலில் புது ஐயர் வந்துவிட்டார். இவரோ எதிர்க்கவும் இல்லை, தலையிடவும் இல்லை. இங்கே வருகிறவர்களுக்கு ஆதார் அட்டையில் முகவரி மாற்ற ஓடுவார், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போவார், புதிதாக வந்தவர்களுக்கு வெங்காயம் எங்கே மலிவு என்று காட்டுவார். "கூப்பிட்டா போறதுக்குப் பேருதான் ஊழியம். நான் கூப்பிடுற தூரத்துல இருந்தா போதும்" என்பார். ஞாயிற்றுக்கிழமை மேளத்தை அவரே அடிக்கக் கற்றுக்கொண்டார். எனக்குத்தான் மத்தியானத் தூக்கம் போனது போனதுதான்.

பஸ்ஸை விட்டிறங்கி நான் வீட்டுக்கு வந்தபோது, அமரர் ஊர்தி வாசலில் நின்றது. அண்ணன் மகன் நல்ல பிள்ளை, அழுதழுது கண் சிவந்திருந்தது. "சித்தப்பாவை அநாதையா விட்டுட்டோம்னு பேரு வரக் கூடாதுங்க. அங்க எங்க குடும்பக் கல்லறை இருக்கு. இங்க இடம் எங்க இருக்கு?" என்றான். இன்னும் செயலாளராக இருக்கும் சாமுவேல் சாரும், "இடம் இல்லைங்கறது உண்மைதான் தம்பி. ஐயரம்மா கல்லறைக்குள்ள வேப்பமர வேரு எறங்கிருச்சு, அதைத் திறக்க முடியாது" என்றார். ஐயரைத் தூக்க ஆட்கள் உள்ளே போனார்கள்.

மார்ட்டின் வாசலை மறித்து நின்றான். அவன் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"சார், அக்காவை வச்ச கல்லறை யாரோடது?"

"உங்க அக்காவோடது."

"இத்தனை வருஷம் ஆயிருச்சு. அதைத் திறந்து குடும்பத்துல இன்னொருத்தரை வைக்கலாம்ல? எல்லாக் குடும்பத்துக்கும் அப்படித்தான செய்றீங்க?"

"செய்யலாம். குடும்பத்து ஆளு கேக்கணும். வைக்கிறதும் குடும்பத்து ஆளா இருக்கணும்."

"அவ தம்பி நான் கேக்குறேன். அன்னைக்கு உங்ககிட்ட பாபா என்ன சொன்னாரு? நான்தான் இவளுக்கு அப்பான்னாரா இல்லையா? நீங்க ஒத்துக்கிட்டீங்களா இல்லையா? அப்போ மவ கல்லறையில அப்பாவை வைங்க சார்."

சாமுவேல் சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டுக்கொள்ளவில்லை. அண்ணன் மகனிடம் திரும்பி, "தம்பி, வண்டியைத் திருப்பி அனுப்பிச்சிருங்க. விதிப்படி அவருக்கு இடம் இங்கதான் இருக்கு" என்றார். அந்தப் பிள்ளை மார்ட்டினைக் கட்டிக்கொண்டு அழுதான். விதி பேசுகிற மனிதர்களை நான் நிறைய கேலி செய்திருக்கிறேன். அன்று அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றியது.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்திலிருந்தும் சபையார் வந்திருந்தார்கள், குன்னத்திலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள். தோட்டத்து வாசலில் மார்ட்டினின் மனைவியும் மற்ற பெண்களும் பித்தளைச் செம்புகளோடு வரிசையாக நின்றார்கள். உள்ளே நுழைந்த ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் ஊற்றினார்கள். அண்ணன் மகன் நீட்டினான். புது ஐயர் நீட்டினார். சாமுவேல் சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். நானும் நீட்டினேன். அன்று அங்கே அவர்கள் வீட்டுக்காரர்கள், நாங்களெல்லாம் விருந்தாளிகள். மனைவிக்குப் பக்கத்தில், மகளோடு சேர்த்து, ஐயரை வைத்தோம். அவர் கேட்ட இடம் அவருக்குக் கிடைத்தது. அதைக் கொடுத்தது மார்ட்டின்.

ஐயரின் அங்கியைச் சபை எடுத்துக்கொண்டது. மேளம் மார்ட்டினிடம் இருக்கிறது. நாற்காலி உடைந்துவிட்டது. என்னிடம் இருப்பது என்ன என்று கேட்டால், சொல்கிறேன்.

அவர் இருந்த வீட்டுக்கு ஒடிசாவிலிருந்து ஒரு தம்பதி போன வாரம் குடிவந்தார்கள். கூச்ச சுபாவம். பையை இறக்காமலே வாசலில் நின்றார்கள். நான் செம்பில் தண்ணீர் கொண்டுபோய் இரண்டு கையாலும் நீட்டினேன். அந்த ஆள் வாங்கி, அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தான். பக்கத்து வாசலில் மார்ட்டின் வாயைப் பொத்திக்கொண்டான். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கண்ணும் கலங்கியது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் இரண்டாவது செம்பு கொண்டுவந்தேன்.