கூரை முட்டிய சுவர்

ஹட்டன் கடைவீதிக்குப் பின்னாலிருந்த பள்ளத்தை இன்று பார்க்கிறவர்கள் பார்க் என்பார்கள். அப்போது அது வெறும் சேறு. அதன் ஓரத்தில், காம்பரா என்னும் ஒற்றை அறைகள் வரிசையாக ஒட்டி, தகரம் போட்ட பழைய லயம் ஒன்று இருந்தது. தையல்காரர் வியாகுலம் அதில் ஒரு காம்பராவில் குடியிருந்தார்.

தேயிலைத் தோட்டத்து லயங்களைப் போலவே அங்கேயும் காம்பராவுக்குக் காம்பரா இருந்த சுவர் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். கட்டினவன் சிக்கனம் பார்த்தானோ, சோம்பல்பட்டானோ தெரியாது. ஒரு வீட்டில் கருவாடு சுட்டால் லயம் முழுக்க வாய் ஊறும்; ஒருவர் இருமினால் அடுத்தவர் தூக்கம் கெடும். எல்லாரும் அந்தச் சுவரைத் திட்டினார்கள். வியாகுலமும் திட்டியவர்தான், மனைவி லூர்தம்மா சாகும் வரையில்.

புருஷனும் பெண்சாதியும் அந்தியில் செபமாலை சொல்வது வழக்கம். ஒவ்வொரு மணிக்கும் செபத்தின் முதல் பாதியை அவர் சொல்வார், மறுபாதியை அவள் சொல்வாள். அவளை அடக்கம் செய்த சில நாளில், மாலையை எடுத்தவர் பழக்கத்தில் முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். அப்போது சுவருக்கு மேலாக மறுபாதி வந்தது. பக்கத்துக் காம்பராவில் தனியாக இருந்த தெரேசா, பள்ளிக்கூடத்தில் சமைக்கும் விதவை, அடுப்படியில் இருந்தபடியே பதில் சொல்லியிருந்தாள்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. குழாயடியில் பார்த்தால் மழையைப் பற்றிப் பேசுவதோடு சரி. பேசினால் அது ஒரு விஷயமாகிவிடும். விஷயமானால் ஊர் சும்மா இருக்குமா?

அறுபத்தொன்றில் நகரசபைக்காரர்கள் லயத்தை இடித்துப் பள்ளத்தை மேடாக்கினார்கள். நடுவில் புல் வளர்த்துப் பெஞ்சு போட்டார்கள். மூன்று பக்கமும் மாடிக் கட்டடம் எழும்பியது. கீழே கடைகள், மேலே குடியிருக்க அறைகள். பழைய குடித்தனக்காரர்களுக்கு அங்கேயே இடம் என்றும் முடிவானது.

இடம் ஒதுக்கிய கிளார்க் லியனார்ட் கோயிலில் பழக்கமானவர். மூலைக் கடையை வியாகுலத்துக்கென்றே எடுத்து வைத்திருந்தார். பின்னால் படுக்கவும் இடம் உண்டு. ஆயுள் பூராவும் யாரோ ஒருவருடைய துணிக்கடை வாசலில் மெஷினை மிதித்தவருக்குச் சொந்தமாக ஒரு கடை! வியாகுலமோ, தெரேசாவுக்கு மாடியில் எந்த அறை, அதை ஒட்டியது எது என்று முன்னாலேயே விசாரித்து வைத்திருந்தார்.

"கடை வேணாங்க. கீழ ஈரம், முழங்கால் தாங்காது. மேல அந்த நடு ரூமைக் குடுத்திருங்க."

முழங்கால் வலிக்காரன் மாடி ஏறக் கேட்கிறானே என்று லியனார்ட் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம், தலையெழுத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

குடிபோன அன்று அந்தியில் வியாகுலம் மாலையை எடுத்து முதல் பாதியைச் சொன்னார். பதில் இல்லை. நிமிர்ந்து பார்த்தார். வெள்ளையடித்த சுவர் நேராக மேலே போய்க் கூரையை முட்டியிருந்தது. இவ்வளவு விசாரித்த மனிதர் அதை மட்டும் பார்க்கவில்லை. மறுநாள் குரலை உயர்த்தினார். அதற்கும் தெரேசா பேசவில்லை. கதவுக்கு வெளியே போய்க்கொண்டிருந்த சவரக்கடைக் கந்தப்பன் ஓடிவந்து, யாரோடு சண்டை என்று விசாரித்துவிட்டுப் போனான்.

அவளுக்குக் கேட்கவில்லையா, கேட்டும் வேண்டாமென்று இருக்கிறாளா? கதவைத் தட்டிக் கேட்டால் தீர்ந்தது. ஆனால் மாடிக் கதவெல்லாம் பார்க்கைப் பார்த்திருந்தன. பொழுது சாய்ந்தால் பெஞ்செல்லாம் ஆள். ஒருநாள் அவள் தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கைத் துணியைச் சாக்காக எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனார். கீழே யாரோ எதற்கோ சிரித்தார்கள். வியாகுலம் திரும்பி வந்துவிட்டார். கோழைதான், வேறென்ன சொல்ல?

பார்க்கால் கடைவீதிக்கு உயிர் வந்தது. சம்பள ஞாயிறுகளில் தோட்டத்து ஜனம் பிள்ளைகுட்டியோடு வந்து புல்லில் உட்கார்ந்து வடை தின்றது. மூலைக் கடையை எடுத்தவன் இரண்டு மெஷின் போட்டான். இத்தனை சந்தடிக்கு நடுவில் வியாகுலத்தைத் தனிமை தின்றது. பள்ளத்துச் சேற்றில்கூட அவர் அப்படித் தனியாக இருந்ததில்லை.

இரண்டு வருஷம் கழித்துத் தெரேசா கொட்டகலையில் இருக்கும் மகள் சிசிலியிடம் போய்விடுவதென்று முடிவு செய்தாள். வியாகுலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் போனார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. செபமாலையை ஏன் விட்டுட்டீங்க?"

"விடலீங்க. தினமும் சொன்னேன்."

அவள் அவரையே பார்த்தாள். "நீங்க ஆரம்பிப்பீங்கன்னு நானும் தினமும் மாலையைக் கையில வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேங்க."

"ஆரம்பிச்சேங்க" என்றார் வியாகுலம். பஸ் கிளம்பிவிட்டது.

அவள் இருந்த அறைக்குப் புதிதாக ஆள் வந்தார்கள். ரேடியோ வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அந்தச் சத்தமும் இந்தப் பக்கம் வரவில்லை. வியாகுலம் வழக்கம்போல அந்தியில் மாலையை எடுப்பார். முதல் பாதியைச் சொல்வார். மறுபாதிக்கு ஆகும் நேரம் சும்மா இருந்துவிட்டு, அடுத்த மணியைத் தொடுவார்.