மைனா வைத்த நாற்காலி

அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணை விட்டுவிட்டு நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் வீட்டில்தான் நடந்திருக்கும். அப்போது நான் மூன்றாவது படித்தேன்.

அப்பாவின் தங்கையான அத்தை, முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். கைப்பேசியில் பார்த்துப் பழகி, பழைய கட்டில் கால்களை இழைத்து ஒரு நாற்காலிக்குச் சட்டம் செய்தாள். கம்பெனியில் கழித்துப்போட்ட துணியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, கயிறாக முறுக்கி, உட்காருமிடத்தைப் பின்னினாள். சாய்மானத்தில் பதிக்கக் குளத்து மண்ணில் மைனாக்கள் செய்து, உமி மூட்டத்தில் சுட்டாள். முதலில் வைத்தவை எல்லாம் வெடித்துப்போயின. மண்ணில் மணல் கலந்து பிசைந்து, மறுபடியும் சுட்டாள். நகத்துக்குள் மண் வைத்திருக்கும் பெண்ணை யார் கட்டுவார்கள் என்பது அம்மாவின் கவலை.

பெண் பார்க்க வந்த அன்று பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று குறைந்தது. யாரும் சொல்லாமலே நான் ஓடிப்போய் அத்தையின் நாற்காலியை இழுத்து வந்து போட்டேன். அப்பா என்னை முறைத்தார். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா அதில் உட்கார்ந்துவிட்டார். நல்ல கனத்த உடம்பு. நாங்கள் எல்லோரும் நாற்காலிக் கால்களையே பார்த்தோம். நாற்காலி ஒரு சத்தமும் போடவில்லை.

அவர் பின்னலைத் தடவிப் பார்த்தார். திரும்பி மைனாவைத் தொட்டுப் பார்த்தார். எங்கே வாங்கியது என்று கேட்டார்.

"நம்ம அம்மிணி பண்ணுனதுங்க," என்றார் அப்பா. "பொழுது போகாம ஏதோ பண்ணுதுங்க. கண்ணாலம் ஆச்சுன்னா உட்டுருமுங்க."

காப்பித் தட்டோடு வந்த அத்தை அங்கேயே நின்றாள்.

"உட மாட்டேனுங்க," என்றாள். அப்பா முறைத்தும் சொன்னதை மாற்றவில்லை.

மாப்பிள்ளை தன் செருப்பைத் தேடிக்கொண்டே எழுந்தார். அவர்கள் போனபின் ஆறிப்போன காப்பியை நாங்களே குடித்தோம்.

அடுத்த வாரம் அந்த அம்மா மட்டும் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். அப்பா அவசரமாகச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவோ நேராகப் பின்பக்கம் அத்தையிடம் போனார்.

"எம் பையனுக்கு நீ பேசுனது புடிக்கல கண்ணு. எனக்கு நாற்காலி புடிச்சுப்போச்சு. ரெண்டு பண்ணிக் குடு. மைனா மட்டும் இதே மாதிரி இருக்கோணும்."

அவர் போனதும் அத்தை உமிக் குவியலருகே உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. கல்யாணம் நின்றுபோன துக்கம்தான் என்று நினைத்து, பையில் பத்திரமாக வைத்திருந்த கடலை மிட்டாயை அவள் கையில் வைத்தேன். நிமிர்ந்தபோது கன்னமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. ஒரே முகத்தில் இரண்டும் எப்படி வரும் என்று எனக்கு விளங்கவில்லை. அழாதே அத்தை, வேறு நல்ல மாப்பிள்ளை வருவார் என்று பெரிய மனுஷத்தனமாக ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தேன்.