இன்ஜின் மேல் வைத்த பத்திரிகைப் பெட்டி

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, சிவகாசியிலிருந்து விருதுநகர் போகிற பஸ்ஸில் நடந்தது இது. எனக்கு மல்லாங்கிணற்றில் சின்னதாக ஒரு தையல் கடை. ஒரே மகளுக்குக் கார்த்திகையில் கல்யாணம் வைத்திருந்தோம். பத்திரிகை அடிக்கிற பொறுப்பைச் சிவகாசியில் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிற என் தம்பியிடம் விட்டிருந்தேன்.

பத்திரிகை தயார் என்று அவன் போன் செய்ததும் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன். எனக்கு எதிலும் அவசரம்தான். என் வீட்டுக்காரர் என்னைப் பற்றிச் சொல்லும் ஒரே குறை அது, உண்மையும்கூட. சீசன் நேரம் என்பதால் தம்பி அச்சகத்திலும் அவன் மனைவி பட்டாசுக் கம்பெனியிலும் இருந்தார்கள். பெட்டி கட்டில் பக்கத்தில் இருக்கு, பக்கத்து வீட்டில் சாவி வாங்கி எடுத்துக்கோ என்று சொல்லியிருந்தான். அப்படியே சாவி வாங்கி அவன் வீட்டைத் திறந்து, குனிந்து பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் டேப் ஒட்டி, சணல் கட்டிய அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. நல்ல கனம். இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் பெட்டியின் மேல் ஒரு படம் இருந்தது. சதுரத்தைச் சாய்த்து வைத்தது மாதிரி ஆரஞ்சுக் கட்டம், அதற்குள் ஏதோ வெடித்துச் சிதறுகிற மாதிரி கறுப்புப் படம். பார்க்காமல் இல்லை, பார்த்தேன். ஆனால் எங்கள் பக்கத்தில் அது ஒரு பெரிய விஷயமே இல்லை. பட்டாசு லோடு போய்க் காலியான பெட்டிதான் எங்களுக்கு எல்லாவற்றுக்கும். வீடு மாற்றினால் பாத்திரம் அதில்தான் போகும், விசேஷ வீட்டு முறுக்கு அதில்தான் வரும். என் கடையில் வெட்டுத்துணி போட்டு வைத்திருந்ததும் அதே படம் போட்ட பெட்டியில்தான்.

பஸ்ஸில் ஏறினேன். சரியான கூட்டம். அது பழைய பஸ், டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடி உயரமாக இருக்கும். பெட்டியை அதன் மேல் வைத்துவிட்டு, முன்சீட்டில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து, யாருக்கெல்லாம் முதலில் பத்திரிகை வைப்பது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

திருத்தங்கல் தாண்டியதும், இன்ஜினை ஒட்டி நின்றிருந்த ஒருவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாற்பது வயது இருக்கும். வடக்கே இருந்து வேலைக்கு வந்தவர் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அரைகுறைத் தமிழில், அக்கா, இந்தப் பெட்டி சூட்டு மேலே வேண்டாம் என்றார். உள்ளே இருப்பது கல்யாணப் பத்திரிகை என்று நான் சொன்னேன். அவர் நகரவில்லை. படத்தை விரலால் தொட்டுக் காட்டினார். பின்னாலிருந்த ஒரு அம்மா, “இந்தப் பெட்டி இல்லாத வீடு இங்கன எங்க இருக்கு?” என்று கேட்க, பஸ்ஸே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

அவர் சிரிக்கவில்லை. கூட்டத்தில் இடித்துக்கொண்டு போய்க் கண்டக்டரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கண்டக்டர் பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். எனக்கு வந்ததே கோபம். யாரோ ஒருத்தர் பேச்சைக் கேட்டு என் மகள் கல்யாணப் பத்திரிகையை இத்தனை பேர் நடுவில் பிரிக்கச் சொல்லுறீகளே என்று சத்தம் போட்டேன். கண்டக்டர் அவரைப் பார்த்து, பெட்டி மேலே இங்கிலீஷில் ஏதோ போட்டிருக்கே, அதைப் படித்தீரா என்று கேட்டார்.

அதற்கு அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “எனக்கு எழுத்து தெரியாது சார். படம் மட்டும்தான் தெரியும்.”

கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். பஸ் ஓரமாக நின்றது. அந்த மனிதரே பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, அலுங்காமல் கொண்டு போய்ச் சாலையை விட்டுத் தள்ளி மண்ணில் வைத்தார். நானே சணலை அவிழ்த்தேன், எல்லோர் முன்னாலும் நிரூபித்துக் காட்டுகிற வீம்பில். மேலே ஒரு செய்தித்தாள். அதை எடுத்தேன். கீழே புஸ்வாணம், சக்கரம், அதற்கும் கீழே சரவெடி.

என் கை தானாகப் பெட்டியின் அடியில் போனது. அட்டை நன்றாகச் சுட்டது. அண்ணாந்து பஸ்ஸைப் பார்த்தேன். ஜன்னல் முழுக்கத் தலைகள். முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் மடியில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அழுகைதான் வந்தது.

கண்டக்டர் நல்ல மனிதர். திட்டவில்லை. பெட்டியோடு ஏற்ற முடியாதும்மா, வீட்டுக்குப் போன் போடுங்க என்று மட்டும் சொன்னார். பஸ் கிளம்பியது. ஆனால் அந்த மனிதர் ஏறவில்லை. தனியாக விட்டுப் போக மனசில்லை போல. லீவு நாளில் விருதுநகர் பஜாருக்குக் கிளம்பியவர், எனக்காக வேப்பமரத்து நிழலில் நின்றார். அந்தப் பக்கமாக வந்த ஒருவர் பீடி பற்றவைக்கப் போனபோது குறுக்கே போய்க் கையைக் கூப்பினார்.

நான் தம்பிக்குப் போன் போட்டு, அவன் வந்து சேர அரை மணி நேரம் ஆனது. அதுவரை பேசிக்கொண்டிருந்தோம். அவர் வெடிமருந்து வைக்கிற கிட்டங்கியில் லோடு ஏற்றுகிறவர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், இவர் பாஷை அங்கே இருந்தவர்களுக்கும் அவர்கள் பாஷை இவருக்கும் புரியவில்லையாம். சூப்பர்வைசர் இவர் கையைப் பிடித்துச் சுவரில் இருந்த ஒவ்வொரு எச்சரிக்கைப் படத்தின் முன்னாலும் நிறுத்தி, நடித்துக் காட்டியே புரியவைத்தாராம். “இங்கே நான் முதல்ல படிச்சது அதுதான் அக்கா” என்று சிரித்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை ஆட்டி அதை ஒதுக்கிவிட்டார்.

தம்பி பைக்கில் பத்திரிகைப் பெட்டியோடு வந்தான். அது கட்டிலுக்குப் பக்கத்திலேயே துண்டு போட்டு மூடியிருந்ததாம். நான் தூக்கி வந்தது அவன் மனைவிக்குக் கம்பெனியில் கொடுத்த தீபாவளிப் பட்டாசு. இரண்டு பெட்டியிலும் அதே படம். “நீ படத்தைப் பாக்கவே இல்லையாக்கா?” என்றான். அவனும்தான் பத்திரிகையைக் கொண்டுபோய் அந்தப் படம் போட்ட பெட்டிக்குள் வைத்திருக்கிறான், அவன் என்னைக் கேட்கிறான்.

முதல் பத்திரிகை குலசாமிக்கு என்று எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு முதல் பத்திரிகையை அந்த மனிதர் கையில் கொடுத்தேன். சாமி கோபித்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு அவர் தன் ஊர்க்காரர் இரண்டு பேரோடு வந்தார். பந்தியில் பக்கத்தில் நின்று நானே பரிமாறினேன்.

இப்போதும் என் கடைக்கு அட்டைப்பெட்டி வரத்தான் செய்கிறது. காலிப்பெட்டி என்றால் முதல் வேலையாக அந்தப் படத்தை மார்க்கரால் அழித்துவிட்டுத்தான் உள்ளே துணி வைப்பேன். பட்டாசு இல்லாத பெட்டியிலும் அந்தப் படத்தை விட்டுவைத்து, பொய் சொல்லிச் சொல்லியே ஒரு நல்ல எச்சரிக்கையை நாங்களே செல்லாக்காசாக ஆக்கிவிட்டோமே என்ற வருத்தம்தான். துணி தைக்க வருகிறவர்கள் கேலி செய்கிறார்கள். ஆனால் தெருவில் நாலைந்து வீட்டில் இப்போது அதைச் செய்கிறார்கள்.

நான் பார்த்தும் பார்க்காமல் விட்டதை ஒருவர் பார்த்ததால்தான் அன்று அத்தனை பேரும் வீடு போய்ச் சேர்ந்தோம். அதனால் இன்றைக்கும் எங்கேயாவது ஒரு ஆள் தயங்கி நிற்க மற்றவர்கள் சிரித்தால், நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.