நிறம் பார்க்காத பெரியக்கா

படுக்கையில் கிடப்பவர்களைத் தொடுவதற்கு முன்னால் பெரியக்கா தன் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். தேய்த்த கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். போதவில்லை என்றால் மறுபடி தேய்ப்பார். அதற்குப் பிறகுதான் போர்வையை விலக்குவார். வெயில்காலத்திலும் இப்படித்தான். "வயசானவங்க மேல பச்சத்தண்ணி மாதிரி கைய வைக்காதீங்கடி. தூக்கத்துல தேள் கொட்டின மாதிரி இருக்கும்" என்று புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் சொல்வார். கை தேய்க்கும் அந்தச் சத்தம் கேட்டதும் மாடியில் கிடப்பவர்கள் கண்ணைத் திறந்துகொள்வது பல வருஷப் பழக்கம்.

அது ஒரு முதியோர் இல்லம். நடமாட முடிந்தவர்களுக்குக் கீழ்த்தளம். எழுந்திருக்க முடியாத பெண்களுக்கு மாடி. மாடிக்குப் பெரியக்காதான் பொறுப்பு. தரை துடைக்க வந்தவர், துடைப்பத்தை வைத்துவிட்டு ஆட்களைத் துடைக்கத் தொடங்கி, மெல்ல மெல்ல எல்லோருக்கும் மேலாளாக ஆனார். குட்டையான, வெளுத்த உருவம். உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. ஜன்னலோரம் நின்றபடியே ரொட்டியை டீயில் முக்கி விழுங்குவார். "உக்காந்தா முட்டி எந்திரிக்க மாட்டேங்குது. அதோட சண்ட போட எனக்கு நேரமில்ல."

கிடந்த கிடையாகக் கிடப்பவர்களுக்குப் படுக்கையே எதிரி. உள்ளேயிருந்து எலும்பு அமுக்கும், வெளியேயிருந்து மெத்தை அமுக்கும், நடுவில் மாட்டிக்கொண்ட தோல் செத்துப்போகும். அதனால் அவர்களைப் பக்கம் மாற்றிப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். புரட்டும்போதெல்லாம் பெரியக்கா குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடி, தோள்பட்டை என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். சிவந்திருக்கிற இடத்தை விரலால் அமுக்கி எடுப்பார். அமுக்கியதும் வெளுத்து, பிறகு நிறம் திரும்பினால் பயமில்லை. வெளுக்காமல் சிவந்தபடியே நின்றால் படுக்கைப் புண் வரப்போகிறது. இது அவருக்கு முன்னால் அங்கே இருந்த நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தது. "சிவக்கிறது தோல் போடுற கூச்சல். அது நம்ம காதுல விழலன்னா அப்புறம் புழு வந்துதான் சொல்லும்." ஷிப்டு முடிந்து ஒருத்தி வீட்டுக்குப் போய் அடுத்தவள் வரும் நேரத்தில் பெரியக்கா கேட்பது ஒரே கேள்வி. "எங்கயாச்சும் சிவந்திருக்கா?" "இல்லக்கா." "சரி, போ. போய் உன் பிள்ளைங்களைப் பாரு."

ஊருக்கு நடுவில் ஆறு. அக்கரையில் இருப்பவர்கள் வேறு இனம். இரண்டு தலைமுறைக்கு முன்னால் பாலம் கட்டவும் சாலை போடவும் கூட்டிவரப்பட்டவர்கள், வேலை முடிந்தும் திரும்பிப் போக வழியில்லாமல் தங்கிவிட்டார்கள். கறுத்த தோல், சுருண்ட முடி. கடையில் அவர்கள் பைகளைத்தான் முதலில் திறந்து பார்ப்பார்கள். பஸ்ஸில் அவர்களுக்குப் பக்கத்து இருக்கைதான் கடைசியில் நிரம்பும். இந்த வழக்கம் எதுவும் பெரியக்காவின் மாடிப்படி ஏறக் கூடாது. "என் கண்ணுக்கு நிறம் தெரியாது. தோல உரிச்சா எல்லாரும் ஒரே சதை" என்பார். அதை அவர் வாய்ப்பேச்சாக வைத்திருக்கவில்லை. ஒரே சோப்பு, ஒரே களிம்பு, ஒரே துணி. யாரைப் பற்றியும் நிறம் சொல்லிப் பேசக் கூடாது. அடையாளத்துக்குக்கூடக் கூடாது.

அக்கரையிலிருந்து வேலைக்கு வந்த உயரமான பெண்ணைச் சமையலறையில் 'கரி' என்று கூப்பிட்டார்கள். பெரியக்கா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, "அவ நெட்டையா இருக்கா, நெட்டைன்னு கூப்பிடு. கண்ணு தெரியலன்னா கண்ணாடி போட்டுக்க" என்றார். அன்றிலிருந்து அவள் நெட்டை. அவள் கை மட்டும் எவ்வளவு தேய்த்தாலும் ஜில்லென்றே இருக்கும். அதற்குத் தினமும் பெரியக்காவிடம் திட்டு வாங்குவாள்.

ஒருமுறை ஒரு சிமெண்டு வியாபாரி மாடிக்கு வந்து, தன் அம்மாவை நெட்டை கழுவக் கூடாது என்றார். "தப்பா நெனைக்காதீங்க. அம்மாவுக்குப் பழக்கமில்ல."

"எதுக்குப் பழக்கமில்ல சார்? கழுவுறதுக்கா?"

"ஆளுக்குச் சொல்றேன்."

"கைக்குக் கை என்ன சார் வித்தியாசம்? இந்தக் கை ஆகாதுன்னா உங்க கையக் குடுங்க. காலைல வந்து நீங்களே கழுவிட்டுப் போங்க. வாளி நான் எடுத்துத் தர்றேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. படியிறங்கிப் போனவர் அடுத்த மாதம் ஒரு கூடை பழத்தோடு வந்தார். நெட்டை அவருடைய அம்மாவைத் தொடர்ந்து கழுவினாள்.

அப்படிப்பட்ட மாடிக்குத்தான் தையலம்மா வந்தார். அக்கரைக்காரர். சட்டைத் தொழிற்சாலையில் ஆயுள் முழுக்கக் காலர் தைத்தவர். குளியலறையில் வழுக்கி இடுப்பு உடைந்தபின் எழவே இல்லை. வந்த அன்றே பெரியக்காவின் உடுப்பை மேலும் கீழும் பார்த்தார். "காலர் கோணலா இருக்கும்மா. எவன் தைச்சது? எங்க சூப்பர்வைசர் பாத்திருந்தா அவன் மூஞ்சிலயே விட்டெறிஞ்சிருப்பான்." பெரியக்காவுக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. அவருடைய ஒரே மகள் பஸ் கண்டக்டர். சீருடையோடு வந்து அம்மாவுக்குத் தலைவாரிவிட்டுப் போகும்போது சொன்னாள்: "வேற ரெண்டு எடத்துல கேட்டோம்க்கா. எடமில்லன்னுட்டாங்க. கட்டில் காலியாக் கெடந்துது. இங்க யாரும் எங்கம்மாவ வேற மாதிரி பாக்கல."

"எப்படிப் பாக்க முடியும்? எல்லாரும் ஒண்ணுதான்" என்றார் பெரியக்கா.

மழை பிடித்த வாரத்தில் தையலம்மா இடது பக்கம் படுக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தார். "எரியுதும்மா. ஊசி ஒடிஞ்சு உள்ள நிக்குற மாதிரி இருக்கு." பெரியக்கா கையைச் சூடாக்கிக்கொண்டு, புரட்டி, டார்ச் அடித்துப் பார்த்தார். சிவக்கவில்லை. மறுநாளும் பார்த்தார். சிவக்கவில்லை. "ஒண்ணுமில்ல தையலம்மா. ஒடைஞ்ச எலும்பு, மழைக்கு வலிக்கும்." அடுத்த கட்டிலில் இருந்த வெளுத்த பாட்டிக்குக் குதிகாலில் லேசாகச் சிவந்திருந்தது. அன்றே தலையணை மாற்றி, காற்றுப் படுக்கையைக் கொண்டுவந்து போட்டார். மாடியில் இருந்தது ஒரே காற்றுப் படுக்கை.

நெட்டைதான் வந்து சொன்னாள். "பெரியக்கா, தையலம்மாவுக்கு இடுப்புல சூடா இருக்கு. கொஞ்சம் கெட்டியாவும் இருக்கு."

"நான் தொட்டேனே, சூடு தெரியலயே."

"உங்க கை சூடு அக்கா. என் கை ஜில்லுன்னு இருக்கும்ல, அதான் தெரிஞ்சுது. எங்க தோல்ல வந்து…"

"எங்க தோலு, உங்க தோலு. அந்தப் பேச்சு இங்க வேண்டாம்னு எத்தன தடவ சொல்றது?" பெரியக்கா கடிந்து சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே, அவள் தோளில் தட்டித்தான் சொன்னார். "சிவந்திருக்கா?"

"இல்லக்கா."

"அப்புறம் என்ன? போய் டீ குடி."

நெட்டை போய் டீ குடித்தாள்.

தையலம்மாவின் இடுப்பில் தோல் உடைந்தபோது அறையே நாறியது. மேலே தெரிந்தது சட்டைப் பொத்தான் அளவுதான். ஆஸ்பத்திரியில் கத்தி வைத்துத் திறந்தபோது உள்ளே எலும்புவரை அழுகியிருந்தது. டாக்டர் சின்னப் பெண். கையுறையைக் கழற்றியபடி கேட்டாள். "எப்படிம்மா இவ்ளோ நாள் விட்டீங்க?"

"சிவக்கவே இல்ல டாக்டர். தெனமும் பாத்தேன்."

"கறுத்த தோல்ல சிவப்பு தெரியாது. ஊதா பாஞ்ச மாதிரி இருக்கும், அதுவும் உத்துப் பாத்தாத்தான். சுத்தி இருக்கிற எடத்த விடச் சூடா, கெட்டியா இருக்கும். தொட்டுத்தான் கண்டுபிடிக்கணும்."

வெளியே நடையில் கண்டக்டர் மகள் நின்றுகொண்டிருந்தாள். டிக்கெட் பை இன்னும் தோளில் இருந்தது.

"எங்கம்மா எரியுதுன்னு சொன்னாங்களாக்கா?"

"சொன்னாங்க."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"பாத்தேம்மா. சத்தியமா தெனமும் பாத்தேன். எல்லாரையும் பாக்குற மாதிரியேதான் பாத்தேன்."

"எல்லாரும்னா யாருக்கா?"

  மகள் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது பழைய முகங்கள் பெரியக்காவின் நினைவுக்கு வந்தன. தையலம்மாவுக்கு முன்னாலும் அக்கரையிலிருந்து பெண்கள் வந்திருக்கிறார்கள். முட்டை விற்றவர், பள்ளிக்கூடத்தில் மணி அடித்தவர், எந்நேரமும் தன் தங்கையைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவர். ஒவ்வொருவரும் திடீரென்று காய்ச்சல் கண்டு போனார்கள். வயசாகிவிட்டது, காய்ச்சல் வந்தது, போய்விட்டார்கள் என்று அப்போது நினைத்தார். அவர்கள் முதுகையும் அதே டார்ச்சோடு, அதே சிவப்பைத் தேடித்தான் பார்த்திருந்தார். எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கியவர், இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயும் எண்ணி முடிக்கத் துணியவில்லை.

மறுநாள் துணி துவைக்கும் அறையில் நெட்டையைப் பிடித்தார். "நீயாச்சும் சண்ட போட்டுச் சொல்லிருக்கலாமே. எனக்குத்தான் தெரியல. உனக்குத் தெரியும்ல?"

நெட்டை ஈர விரிப்பை உதறிக்கொண்டே சொன்னாள். "முழுசாத் தெரியாது. எங்கம்மா கெடந்தப்ப அப்படி இருந்துது. சொல்ல வந்தேன். பாதியில நிறுத்திட்டீங்க."

"அதோட விட்டுர்றதா?"

"அன்னைக்கு நீங்க கரண்டியப் புடுங்கினதுல இருந்து என்னை யாரும் கரின்னு கூப்பிடலக்கா. அது உங்களாலதான். நானே எங்க தோலுன்னு பேசி, அதைக் கெடுத்துக்குவானேன்னு இருந்துட்டேன்." விரிப்பின் மறுமுனையை நீட்டினாள். பெரியக்கா வாங்கி மடித்தார். இருவரும் அந்தக் குவியல் தீரும்வரை மடித்தார்கள்.

மாடிப் பெண்களை எல்லாம் கூட்டிவைத்து இனிமேல் எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முயன்றபோது பெரியக்காவுக்கு நாக்கு புரளவில்லை. "சில பேர் தோல்ல சிவப்பு தெரியாது. அவங்களத் தொட்டுப் பாக்கணும்."

"யார் தோல்லக்கா?" என்றாள் ஒருத்தி.

"அதான், சில பேர்."

"எங்களாட்டம் கறுப்பா இருக்கிறவங்க" என்றாள் நெட்டை பின்னாலிருந்து. யாரோ வாய்க்குள் சிரித்தார்கள். அந்த அறையில் அந்தச் சொல் முதல்முறையாகக் கேட்டது.

சொல் மாடியோடு நிற்கவில்லை. சமையலறையில், "கறுப்புக்குத் தனி வைத்தியமாம், நாளைக்குத் தனி அடுப்பும் கேப்பாங்க" என்றார்கள். கரண்டியைப் பிடுங்கப் பெரியக்கா போகவில்லை. அந்த வாரமே சிமெண்டு வியாபாரி வந்தார், பழம் இல்லாமல்.

"தோலுக்குத் தோல் வித்தியாசம் உண்டுன்னு நீங்களே சொல்லிட்டீங்களாமே. அப்போ எங்கம்மாவுக்கு எங்க ஆளாப் போட்டுருங்க."

நெட்டை அவருடைய அம்மாவின் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"அது வேற, இது வேற சார்."

"எப்படி வேற? எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

பெரியக்காவுக்கு வேறு என்று தெரியும்.  ஆனால் எடுத்துச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. வாளியை எடுத்துத் தருகிறேன் என்ற பழைய பேச்சு வாய்வரை வந்தது. தையலம்மாவின் இடுப்பைப் பார்த்த பிறகு அந்த வாயால் அதைச் சொல்ல முடியவில்லை. "முடியாது சார்" என்று மட்டும் சொன்னார். வியாபாரி நேரே மேனேஜரிடம் போனார். வம்பு எதற்கு என்று மேனேஜர் நெட்டையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார். பெரியக்கா போய்ச் சண்டை போட்டதற்கு, "நீங்க ஆரம்பிச்சு வச்சதுதானேம்மா" என்றார்.

தையலம்மா மாடிக்கே திரும்பிவந்திருக்கிறார். அவருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. காற்றுப் படுக்கை இப்போது அவருக்குத்தான். புண் மூடவில்லை, மூடும் என்று டாக்டரும் சொல்லவில்லை. மகள் வேலை முடிந்து வந்து தலைவாரிவிட்டுப் போகிறாள், பெரியக்காவிடம் பேசுவதில்லை. நெட்டை தன் சாப்பாட்டு நேரத்தில் மாடியேறி வந்து புரட்டி, தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறாள். மற்ற நேரங்களில் பெரியக்கா வருகிறார். அவர் போர்வையின் ஒரு நுனியைத் தொட்டதும் தையலம்மா, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, மறுநுனியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொள்கிறார்.