நடு அடுக்கின் குளிர்

எங்கள் அறையில் அவருக்குப் பெயர் பூஜ்யக்கா. பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் அது வருகிறதா என்று பார்க்காமல் எந்தக் கணக்கையும் நம்பமாட்டார். கம்ப்யூட்டருக்குள் கணக்காகக் கட்டிய, தாள் மேல் தாளாக அடுக்கியது போன்ற ஒரு காந்தம்; ஒரு முனை சூடு, மறுமுனை குளிர். அதனுள் ஸ்பின் அலைகள், அதாவது அணுக்களின் குட்டிக் காந்தங்கள் ஆடும் அலைகள், குளிர்ந்த பக்கம் நகரும். எவ்வளவு என்பதே ஐந்து வருடமாக அவர் கேள்வி. ‘நிறைய’ என்றது போன வருடம் வெளியான அவர் கட்டுரை. இந்த மாதம் முடிகிற அவர் வேலையை இன்னும் நீட்டிப்பதும் அந்தக் கட்டுரையை நம்பித்தான். அக்காவின் கணவர் இடுப்பொடிந்து படுத்திருந்தார்; வீட்டில் வேறு சம்பளம் இல்லை.

வழக்கமாக இரு முனைகளையும் சூடே இல்லாத அடிமட்டக் குளிரில் வைத்துத்தான் சோதிப்பார், பூஜ்யம் வரும். அன்று மதியம் என்ன தோன்றியதோ, இரண்டுக்கும் அறைச் சூட்டைக் கொடுத்தார். பூஜ்யம் வரவில்லை.

“ரெண்டு பக்கமும் ஒரே சூடு. அப்புறம் எதுடா நகருது?”

“கம்ப்யூட்டருக்குப் பேய் புடிச்சிருக்கும்க்கா.”

“பேய்னாலும் ஒரு பக்கமா போகும். இது ரெண்டு பக்கத்துலேர்ந்தும் உள்ள போகுது. வெளிய வரலை.”

எட்டிப் பார்த்தேன். திரையில் இருபுறத்து அம்புகளும் கிணற்றடியில் குனிந்தவர்கள் போல நடுவை நோக்கிச் சாய்ந்திருந்தன. எனக்கு வியர்த்தது. அக்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

நான்கு மணிக்குப் பிழை கிடைத்தது. கணக்கில் நடு அடுக்குக்கு அலைகளை அடக்கும் உராய்வு கொடுத்தவர், அதோடு கூடவே வர வேண்டிய சூட்டின் நடுக்கத்தைச் சேர்க்க மறந்திருந்தார். அந்த அடுக்கு வாங்கும், திருப்பித் தராது. எல்லாமே குளிர்ந்திருந்தால் வாங்க எதுவும் இல்லை, அதனால்தான் பழைய சோதனையில் அது அகப்படவில்லை. உலகில் எங்கும் இல்லாத ஒரு குளிர், இத்தனை நாளும் வாயைத் திறந்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தது.

நடுக்கத்தைச் சேர்த்ததும் பூஜ்யம். பழைய கட்டுரையின் கணக்கையும் மறுபடி போட்டுப் பார்த்தார். ‘நிறைய’ போய், இருக்கிறதா என்றே தெரியாத ஒரு துளி நின்றது.

எதிர் அறையில் இருந்த எங்கள் பேராசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

“என்னக்கா சொன்னாரு?”

“மொதல்ல உன் வேலை நீட்டிப்புல கையெழுத்து ஆகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்மாங்கறாரு.”

“நல்லதுதானேக்கா?”

“அது உள்ள இருக்குன்னு தெரிஞ்சும் எப்படிடா கம்முனு இருக்கறது?”

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம் நான்கே வரி. பேராசிரியருக்கும் ஒரு நகல் வைத்து அனுப்பினார். சற்றைக்கெல்லாம் எதிர் அறைக் கதவு திறந்தது. யாரும் வெளியே வரவில்லை.

“வாம்மா” என்றது குரல்.

அக்கா சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டுப் போனார்.