அவன் வைத்துக்கொண்ட மீசை

திரைச்சீலை தைக்கும் கடையில் அவரை எல்லோரும் திரையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கணவர் போய்ச் சேர்ந்தபின் வீட்டில் அவரும் மகனும்தான். மகனுக்கு முப்பது தாண்டிவிட்டது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி மெதுவானவன். ஒன்றைப் பழக நாள் பிடிக்கும், பழகிவிட்டால் மறக்கமாட்டான். ஆனால் பழக விட்டால்தானே? சட்டைப் பொத்தான் போடுவது, டீ ஆற்றுவது, முகச்சவரம், எல்லாமே அம்மா கைதான். காலை அவசரத்தில் அவன் வேகத்துக்குக் காத்திருக்க முடியாது என்பார். அதில் பொய் இல்லை. பகலில் அவன் ஒரு பயிற்சி மையத்தில் அட்டைப்பெட்டி மடித்தான். வேன் வந்து கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டது.

வெளியூரில் இருக்கும் மூத்த மகள் போனில் சொல்லிப் பார்த்தாள்.

"தம்பிய இன்னும் இடுப்புலயே வச்சிருக்கம்மா நீ."

"இறக்கி விட்டா விழுந்துடுவான்டி."

விழுந்தது அவர்தான். ஒரு வீட்டில் திரை மாட்டும்போது முக்காலி சாய்ந்தது. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

மறுநாள் காலை அடுப்படியில் நின்றபடி மகனுக்கு வழி சொன்னார். பாலை ஊற்று, அதில்லை, சின்னப் பாத்திரம், அடுப்பைக் குறை. அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"நீ பேசாதம்மா. நீ பேசினா மறந்துடுது."

அவர் கூடத்தில் போய் உட்கார்ந்தார். அடுப்படியில் ஏதோ பாத்திரம் உருண்டது. எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். கடைசியில் டீ வந்தது. பாதி தட்டில், பாதி டம்ளரில். சர்க்கரை மறந்துபோயிருந்தது. குடித்தார்.

சவரம்தான் சிக்கலாயிற்று. இடது கையால் முயன்றதில் அவன் தாடையில் கீறிவிட்டார். அதற்குப் பிறகு அவன் முகத்தைக் கொடுக்கவில்லை. தாடி காடாக வளர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை செருப்பை மாட்டிக்கொண்டு, "சலூனுக்குப் போறேன்" என்றான்.

"இரு, நானும் வர்றேன்."

"நீ எதுக்கு? உனக்குத்தான் தாடி இல்லையே."

சலூன் அதே தெருவின் கோடியில். ஆனாலும் அவர் வாசலிலேயே நின்றார். நெடுநேரம் கழித்து அவன் வந்தான். தாடை மழமழவென்று இருந்தது. மூக்குக்குக் கீழே மட்டும் கறுப்பாக ஒரு பட்டை.

"அந்தாளு மீசைய எடுக்க மறந்துட்டாரா?"

"நான்தான் விடச் சொன்னேன்."

"நல்லா இல்லடா."

"எனக்கு நல்லா இருக்கு."

இத்தனை வருடம் அவன் முகத்தை மழித்தவருக்கு, மீசை வேண்டுமா என்று அவனைக் கேட்கத் தோன்றியதே இல்லை. அன்று சாப்பிடும்போது அவனை இரண்டு மூன்று தடவை நிமிர்ந்து பார்த்தார். அவன் அப்பாவின் சாயல் தெரிந்தது.

கட்டுப் பிரித்தபின் எல்லாம் தலைகீழாகிவிடவில்லை. கழுத்துப் பொத்தான் இன்றும் அவனுக்கு மல்லுக்கட்டுதான். பெரிய சாலையைத் தனியாகக் கடக்கமாட்டான். ஆனால் மையத்துக்காரர்கள், நாலு பேர் சேர்ந்து தங்கும் வீட்டில் ஓர் இடம் இருக்கிறது, கவனிக்க ஆளும் உண்டு என்றபோது, அவர் வழக்கம்போல் உடனே முடியாது என்று சொல்லவில்லை. அவனைக் கேட்டார். அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஜன்னலோரக் கட்டில் கிடைத்தால் சரி என்றான். கிடைத்தது.

அங்கே குடிபோனபின், போன வாரக் கடைசியில் முதல்முறையாக வீட்டுக்கு வந்தான். கதவு திறந்துதான் இருந்தது. வெளியே நின்று தட்டினான்.

"சொந்த வீட்டுக்கு யாருடா கதவத் தட்டுவா?"

"அங்க தட்டிட்டுதான் ஒருத்தர் ரூமுக்கு ஒருத்தர் போகணும். வரலாமா?"

அவர் தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தார்.

"வாப்பா" என்றார். அதன் பிறகே அவன் உள்ளே வந்தான்.